முத்திரையைப் பார்த்து வாங்காதீர்கள்: பழைய ஆங்கிலப் பீங்கான் சேகரிப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

இங்கிலாந்தின் ஞாயிற்றுக்கிழமைப் பழம்பொருள் சந்தைகளில், புதிதாகப் பீங்கான் சேர்க்கத் தொடங்கியவர்களைச் சட்டென்று அடையாளம் கண்டுவிடலாம். கோப்பையைக் கையில் எடுத்த வேகத்தில் கவிழ்த்து அடியைப் பார்ப்பார்கள். ஆலையின் முத்திரை இருந்தால் முகம் மலரும், இல்லாவிட்டால் திரும்ப வைத்துவிடுவார்கள். எங்கள் வயதுக்காரர்களும் தொடக்கத்தில் இப்படித்தான் இருந்தோம். அதே பள்ளத்தில் அடுத்த தலைமுறையும் விழுவதைப் பார்க்கும்போது சொல்லாமல் இருக்க முடியவில்லை.

விளிம்பில் சில்லு போயிருக்கிறதா பார், பேரம் பேசு என்பதெல்லாம் யாருக்கும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அவற்றை விட்டுவிடுகிறேன்.

முத்திரையை நம்புவது

அதிகப் பணத்தை விழுங்கும் தவறு இதுதான். இன்றும் எனக்குக் கோபம் வருவதும் இதில்தான்.

18ஆம் நூற்றாண்டில் ஆங்கிலப் பீங்கான் ஆலைகள் கட்டாயமாக முத்திரை இட வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. இட்டவர்களும் ஒழுங்காக இடவில்லை. 1751இல் தொடங்கிய வூஸ்டர் ஆலையையே எடுத்துக்கொள்ளுங்கள். நீல வண்ணப் பாத்திரங்களில் பிறை வரைந்தார்கள். சிலவற்றில் சீன எழுத்துப் போன்ற கிறுக்கல்கள். சிலவற்றில் ஜெர்மனியின் மைசன் ஆலைக்குரிய குறுக்கு வாள்கள்கூட உண்டு. ஆக, குறுக்கு வாளைப் பார்த்து மைசன் என்று வாங்குபவரும் ஏமாறலாம், வூஸ்டர் இல்லை என்று ஒதுக்குபவரும் ஏமாறலாம். நியூ ஹால் ஆலையின் தேநீர்ப் பாத்திரங்கள் பலவற்றில் வடிவ எண், அதாவது எந்த அலங்காரம் என்று குறிக்கும் எண், மட்டுமே இருக்கும். 1800ஐ ஒட்டிய காலத்து நல்ல நல்ல செட்டுகள் பெயரே இல்லாமல் மேசையில் கிடக்கின்றன. முத்திரை தேடுபவர்கள் அவற்றைத் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

இதற்கு எதிர்ப்பக்கம் இன்னும் மோசம். செல்சி ஆலை 1756 முதல் 1769 வரை தங்க நங்கூரம் இட்டது. பாரிஸின் சாம்சன் நிறுவனம் 19ஆம் நூற்றாண்டின் நடுவிலிருந்து செல்சி, வூஸ்டர் பாத்திரங்களைப் பார்த்துச் செய்து குவித்தது. வேறு பலரும் செய்தார்கள். இன்று சந்தையில் தங்க நங்கூரத்தோடு கண்ணில் படுபவற்றில் பெரும்பாலானவை செல்சி அல்ல.

போன வருடம் ஒரு இளைஞர் ஒரு தட்டைக் கொண்டுவந்து காட்டினார். அடியில் கட்டைவிரல் நகம் அளவுக்குப் பளபளவென்று ஒரு நங்கூரம். "அண்ணா, செல்சிதானே?" என்று கேட்டார். செல்சியின் உண்மையான நங்கூரம் கால் அங்குலத்தைத் தாண்டுவது அரிது. கூர்ந்து பார்த்தால்தான் தெரியும். அந்தத் தட்டோ சாம்பல் கலந்த வெண்மையில், கண்ணாடி போல் இறுகிய ஹார்ட் பேஸ்ட் போர்சலின், அதாவது கடினப் பீங்கான். செல்சி செய்தது சாஃப்ட் பேஸ்ட், அதாவது மென்பீங்கான். அதில் மெருகு, அதாவது மேலே உள்ள கண்ணாடிப் பூச்சு, தடித்து மென்மையாக இருக்கும். வெளிச்சத்தின் முன் பிடித்தால், உள்ளே நிலா போல வெளிர் வட்டங்கள் பலவற்றில் தெரியும். தட்டின் அடியில், சூளைக்குள் தட்டைத் தாங்கிய முள் போன்ற தாங்கிகளின் சிறிய தடங்கள் இருக்கும். இவை எதுவும் அந்தத் தட்டில் இல்லை. அவர் கொடுத்த விலைக்கு, லேசாக விரிசல் விட்ட உண்மையான வூஸ்டர் பாத்திரங்கள் இரண்டு மூன்று வாங்கியிருக்கலாம். விற்றவர் பொய்கூடச் சொல்லவில்லை; "நங்கூரம் இருக்கிறது, பாருங்கள்" என்று மட்டும் சொல்லியிருக்கிறார். எரிச்சல் வருவது அங்கேதான்.

முத்திரையில் இருக்கும் ஆண்டும் இதே வேலையைச் செய்யும். கோல்போர்ட் பாத்திரத்தில் "கி.பி. 1750" என்ற பொருளில் அச்சிட்டிருந்தால் அது ஆலை தனக்குச் சொல்லிக்கொண்ட வயது. அந்த முத்திரையே 1880களில்தான் வந்தது. வூஸ்டர் வட்ட முத்திரையின் நடுவில் இருக்கும் 51, ஆலை தொடங்கிய 1751ஐக் குறிக்கிறது. அதை 1851 என்று படித்து விலை கொடுத்தவர்கள் உண்டு. வைர வடிவப் பதிவு முத்திரை 1842 முதல் 1883 வரை இருந்தது. அது வடிவத்தைப் பதிவு செய்த நாளைச் சொல்கிறதே தவிர, பாத்திரம் செய்த நாளை அல்ல. பதிவுக்குப் பின் பல ஆண்டுகள் அதே வடிவத்தைச் செய்திருப்பார்கள்.

முத்திரை உண்மையிலேயே உதவும் இடங்களும் உண்டு. அமெரிக்காவின் மெக்கின்லி சுங்கச் சட்டத்தால் 1891 முதல் இறக்குமதிப் பொருளில் நாட்டின் பெயர் இருக்க வேண்டியதாயிற்று. எனவே "இங்கிலாந்து" என்று அச்சிட்டிருந்தால் பெரும்பாலும் அதற்குப் பிந்தையது. ராயல் வூஸ்டரில் 1892இல் முத்திரைக்குப் பக்கத்தில் ஒரு புள்ளி வைத்தார்கள், பிறகு ஆண்டுக்கு ஒன்று கூட்டினார்கள். ஐந்து புள்ளி என்றால் 1896. எண்ணிக்கொள்ள வேண்டியதுதான்.

சரி, எதைத்தான் பார்ப்பது? முதலில் வடிவம்: பிடி எப்படி வளைகிறது, மூக்கு எங்கே ஒட்டுகிறது, அடிவளையம் எப்படிச் செதுக்கப்பட்டிருக்கிறது. அடுத்து உடல். டார்ச்சைப் பின்னால் பிடியுங்கள். பழைய வூஸ்டர் பச்சை சாயல் காட்டும், காஃப்லி ஆலையுடையது மஞ்சள் ஆரஞ்சுப் பக்கம் போகும். எப்போதும் ஒரே டார்ச்சை வைத்துக்கொள்ளுங்கள். விளக்கின் நிறம் மாறினால் கண் ஏமாறும். உடைந்த விளிம்பு கிடைத்தால் இன்னும் நல்லது: சாஃப்ட் பேஸ்ட் சர்க்கரைக் கட்டி போலச் சொரசொரப்பாக உடையும், ஹார்ட் பேஸ்ட் வழவழவென்று உடையும். அரத்தால் அடியைத் தேய்த்துப் பார்க்கும் பழைய வழக்கத்தைத் தயவுசெய்து தொடாதீர்கள். அப்புறம் தேய்மானம், ஓவியம். எல்லாம் பார்த்து முடித்த பிறகு, கடைசியாக முத்திரை.

கண்ணுக்குப் பழக்கம் வரச் சில வழிகள். லண்டன் விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் அருங்காட்சியகத்தின் பீங்கான் கூடங்களில் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் காசில்லாமல் பார்க்கலாம். ஏலத்துக்கு முந்தைய பார்வை நாளில் கையில் எடுத்தே பார்க்கலாம். ஒவ்வோர் ஆலையிலிருந்தும் விரிசல் விட்ட மலிவான ஒரு பாத்திரத்தை வாங்கி வீட்டில் வையுங்கள். கைக்கு அதைவிடச் சிறந்த பாடம் இல்லை.

பிளீச்

பழைய கோப்பையின் விரிசலில் பழுப்புக் கறை தெரிந்ததும் வீட்டு பிளீச்சில் ஊறப்போடுகிறார்கள். முதல் வாரம் பளிச்சென்று இருக்கும். மெருகின் மயிரிழை விரிசல்கள் வழியாக உள்ளே இறங்கிய உப்பு வெளியே வராது. காயக் காயப் படிகமாகி மெருகையே பெயர்த்துத் தள்ளும். மெருகுக்கு மேல் தீட்டிய வண்ணமும் தங்கமும் மங்கும். இருநூறு ஆண்டு தாங்கிய பொருளை ஒரு சனிக்கிழமை மாலையில் பாழாக்குவதைப் பார்க்க வயிறு எரிகிறது. கறை இருந்தால் இருக்கட்டும். மிகவும் உறுத்தினால், பீங்கான் பராமரிப்பு படித்தவரிடம் கொடுங்கள்.

மறைந்திருக்கும் பழுது

விளிம்பையும் பிடியையும் உதட்டாலோ விரல் நுனியாலோ தடவுங்கள். பெயின்ட் பூசிய இடம் சற்றுக் கதகதப்பாக, மெத்தென்று இருக்கும். புற ஊதா டார்ச்சில் பல பூச்சுகள் வேறு நிறத்தில் ஒளிரும். சில ஒளிராது, அதனால் டார்ச்சை மட்டும் நம்பக் கூடாது. பித்தளைத் தையல் போட்டு ஒட்டிய பழைய பாத்திரங்களை நான் மதிக்கிறேன். பழுது கண்முன்னே இருக்கிறது, விலையும் அதற்கேற்ப இருக்கும்.

சேராத ஜோடி

கோப்பை ஒரு ஆலை, சாசர் வேறு ஆலை என்று சேர்த்து விற்பது சர்வ சாதாரணம். வடிவ எண், நீலத்தின் சாயல், தங்கக் கோட்டின் தடிமன், தேய்மானம் நான்கும் ஒத்துப்போக வேண்டும். இதற்கு நேர்மாறான பிழையும் நடக்கிறது: 1780 முதல் 1830 வரையிலான செட்டில் ஒரு தேநீர்க் கோப்பை, ஒரு காபிக் கோப்பை, இரண்டுக்கும் ஒரே சாசர். ஒருவர் ஒரே நேரத்தில் இரண்டையும் குடிக்கமாட்டார் என்பதால் அப்படி. இது தெரியாமல் "ஒரு சாசர் குறைகிறது" என்று ஒதுக்குகிறார்கள், அல்லது பொருந்தாத சாசரைத் தேடி வாங்கிச் சேர்க்கிறார்கள். முதல் காலத்துத் தேநீர்க் கோப்பைகள் பலவற்றுக்குப் பிடியும் கிடையாது. உடைந்துபோனது என்று எண்ணவேண்டாம்.

கம்பி மாட்டி

தட்டைச் சுவரில் தொங்கவிட இது வேண்டாம், இழுவிசையில் தட்டு விளிம்பு உடையும்.

பாத்திரம் கழுவும் இயந்திரம், மைக்ரோவேவ்

தங்கக் கோடுள்ள எதையும் வைக்காதீர்கள்.

அடுக்கி வைப்பது

கீழ்த் தட்டின் ஓவியத்தை மேல் தட்டின் அடிவளையம் கீறும். இடையில் மெல்லிய துணியோ அமிலமில்லாத தாளோ போடுங்கள். கோப்பைகளை ஒன்றினுள் ஒன்றாகச் செருகவே கூடாது. பழைய பாத்திரங்களின் மெருகில் ஈயம் கலந்திருக்கக்கூடும் என்பதால் எலுமிச்சை, புளி சேர்ந்த எதையும் அவற்றில் ஊற்றி வைக்க வேண்டாம்.