பீம் ஆடுதா, ரீடிங் ஆடுதா? காந்த நாய்ஸ் தேடுறப்ப செய்யக்கூடாத தப்புகள்

ஸ்டோரேஜ் ரிங் (எலக்ட்ரான் மாதிரி துகள்களைக் காந்தத்தால வளைச்சு சுத்த வைக்கற மெஷின்) வேலைக்குப் புதுசா வர்ற பசங்க, பீம், அதாவது அந்தத் துகள் கத்தை, ஏன் ஒரு இடத்துல நிக்க மாட்டேங்குதுன்னு தேட ஆரம்பிச்சா, எங்க செட்டு ஒரு காலத்துல விழுந்த அதே குழியிலதான் வரிசையா விழறாங்க. பாத்துட்டு சும்மா இருக்க முடியல, அதான் எழுதுறேன். கனெக்டரை டைட் பண்ணு, கூலிங் தண்ணி டெம்பரேச்சரைப் பாரு, இதெல்லாம் எல்லாருக்கும் தெரியும், விட்டுடலாம்.

50 ஹெர்ட்ஸ் தெரிஞ்சதும் ஃபீட்பேக்கை ஏத்துறது

இன்னிக்கும் எனக்கு எரிச்சல் வர்றது இதுலதான். பீம் எங்க இருக்குன்னு அளக்கற பீம் பொசிஷன் மானிட்டரோட ஸ்பெக்ட்ரத்துல 50 ஹெர்ட்ஸ்ல, அதாவது கரன்ட் லைனோட அதிர்வெண்ல, கொழுத்த ஒரு பீக் நிக்கும். உடனே "ஏதோ குவாட்ருபோல் (பீமைக் குவிக்கற காந்தம்) பவர் சப்ளை ரிப்பிள்"னு முடிவு கட்டி, அசைவைப் பாத்து தானா திருத்தற ஃபாஸ்ட் ஆர்பிட் ஃபீட்பேக்கோட கெயினை ஏத்திடுவாங்க. அதே 50 ஹெர்ட்ஸ் எலக்ட்ரானிக்ஸ் ரேக்கோட கிரவுண்டுலயும் ஓடிக்கிட்டு இருக்குங்கறதை ஒருத்தரும் யோசிக்கறதில்ல. கிரவுண்ட் லூப் (எர்த் வயர்கள் சேர்ந்து உண்டாக்கற சுத்து) வழியா மானிட்டர் அதைப் பிடிச்சிருந்தா பீம் அசையவே இல்ல, ரீடிங் மட்டும்தான் அசையுது. ஃபீட்பேக்குக்கு அது எப்படித் தெரியும்? இல்லாத அசைவைத் திருத்தறேன்னு கரெக்டர் மேக்னெட்டை ஆட்டும், அதுவரைக்கும் ஒழுங்கா இருந்த பீம் இப்போ நிஜமாவே 50 ஹெர்ட்ஸ்ல ஆட ஆரம்பிக்கும், ஆனா கண்ட்ரோல் ரூம் ஸ்கிரீன்ல பீக் காணாமப் போயிருக்கும்.

ஒரு ரிங்ல இதை நேர்லயே பாத்தேன். மீட்டிங்ல அந்த வழுவழு கிராஃபைப் போட்டு எல்லாரும் கை தட்டினாங்க. ரிங்லேருந்து எக்ஸ்ரேயை வெளிய கொண்டுவர்ற பீம்லைனோட கடைசியில மைக்ரோஃபோகஸ் வெச்சு சாம்பிள் பாத்துக்கிட்டிருந்த யூசர், இன்டென்சிட்டி முன்னைவிட அதிகமா ஆடுதுன்னு சொல்லச் சொல்ல, உங்க மோனோக்ரோமேட்டரை (ஒரே அலைநீளத்தைப் பிரிச்சுத் தர்ற கருவி) பாருங்கன்னு திருப்பி அனுப்பினாங்க. அந்தப் பொண்ணுக்கு ஒதுக்கின பீம்டைம் முழுசும் வீண். அடுத்த பீம்டைம் கிடைக்க எவ்வளவு காத்திருக்கணும்னு அந்த ரூம்ல இருந்த எல்லாருக்கும் தெரியும்.

இவ்வளவும் ஒரு ஃபிட் போட்டுப் பாத்திருந்தா நடந்திருக்காது. ரிங்ல ஒரு இடத்துல காந்தம் நிஜமா ஆடினா, அந்த உதை அங்கேயே நிக்காது, மொத்த ஆர்பிட்டையும் வளைக்கும், அந்த வளைவுக்குன்னு ஒரு வடிவம் இருக்கு. பீட்டா ஃபங்ஷன் (பீம் எந்த இடத்துல எவ்வளவு விரியும்னு சொல்ற அளவு) பெருசா இருக்கற இடத்துல அதோட வர்க்கமூலத்துக்கு ஏத்த மாதிரி அசைவு கூடும், பீம் பக்கவாட்டுல அலையற பீட்டாட்ரான் ஆட்டத்தோட ஃபேஸுக்கு ஏத்த மாதிரி பிளஸ் மைனஸ் மாறும். எல்லா மானிட்டர்லயும் 50 ஹெர்ட்ஸோட ஆம்ப்ளிட்யூடையும் ஃபேஸையும் எடுத்து இந்த வடிவத்தோட பொருத்திப் பாருங்க. பொருந்தினா உதை எங்கேருந்து வருதுன்னும் சேர்ந்தே தெரிஞ்சிடும். ஒரே ரேக்ல இருக்கற நாலு மானிட்டர் மட்டும் கத்தி, பக்கத்து ரேக் அமைதியா இருந்தா, கோளாறு அந்த ரேக்லதான், காந்தத்துல இல்ல. சந்தேகம் தீரலைன்னா பீம் கரன்ட்டைக் குறைச்சுப் பாருங்க. நிஜ அசைவா இருந்தா மைக்ரான் கணக்கு அப்படியே நிக்கும், வெளியேருந்து மானிட்டர்ல ஒட்டின பிக்கப்பா இருந்தா கரன்ட் குறையக் குறைய ஏறும். இன்னொண்ணு, ஃபீட்பேக் லூப்புக்குள்ள சேர்க்காம ஒரு மானிட்டரையாவது தனியா வெச்சிருங்க, லூப்புக்குள்ள இருக்கற மானிட்டர் சொல்றதை வெச்சு ஃபீட்பேக்குக்கு மார்க் போடாதீங்க.

பவர் சப்ளை கரன்ட் சுத்தம், அதனால ஃபீல்டும் சுத்தம்

ஜெனீவா பக்கத்துல செர்ன்ல இருந்த 27 கிலோமீட்டர் லெப் ரிங்கோட (எலக்ட்ரானையும் பாசிட்ரானையும் மோத விட்ட மெஷின்) கதை தெரிஞ்சா இப்படிப் பேச மாட்டீங்க. 1995-ல டன்னல்ல இருந்த டைபோல்ல (பீமை வளைக்கற காந்தம்) என்எம்ஆர் ப்ரோப் வெச்சு ஃபீல்டை நேரடியா அளந்தாங்க. பவர் சப்ளை மேல ஒரு குறையும் சொல்ல முடியாது, ஆனா ஃபீல்டு பகல் பூரா நடுங்குது, நடுராத்திரிக்கு அப்புறம் கொஞ்ச நேரம் அடங்குது, விடியறதுக்குள்ள மறுபடி ஆரம்பிக்குது. காரணம் பிரான்ஸ் போற ரயில். அந்த லைன் 1500 வோல்ட் டிசி, தண்டவாளத்துலேருந்து கசியற ரிட்டர்ன் கரன்ட் மண்ணு வழியா வந்து லெப்போட பீம் பைப்ல ஒரு ஆம்பியர் அளவுக்கு ஓடிருக்கு. ரயில்வே ஸ்ட்ரைக் நடந்த அன்னிக்கு ஃபீல்டு அமைதி. இதுல பலரும் கவனிக்காதது, நடுக்கம் வெறும் நடுக்கமா நிக்கலங்கறதுதான். ஒவ்வொரு குலுக்கலுக்கும் காந்தத்தோட இரும்பு ஹிஸ்டெரிசிஸ்ல (பழைய காந்த நிலையை ஞாபகம் வெச்சுக்கற குணம்) கொஞ்சம் கொஞ்சமா மேல நகர்ந்து, ஒரு ஃபில், அதாவது ஒரு தடவை நிரப்பின பீமோட ஓட்டம், முடியறதுக்குள்ள 45 ஜிஇவி பீமோட எனர்ஜியே சில எம்இவி தள்ளிப் போச்சு. இசட் போசான்ங்கற துகளோட மாஸை அளக்க வந்தவங்களுக்கு அது பெரிய தொகை.

ராத்திரி ஷிஃப்ட் டேட்டாவை மட்டும் நம்புறது

மேல சொன்ன ரயில் கதையேதான்: நடுராத்திரியில அமைதியா தெரியறது பகல்ல அப்படி இருக்காது.

ஸ்கின் டெப்த்தை மட்டும் வெச்சு கணக்குப் போடுறது

அலுமினியத்துல 50 ஹெர்ட்ஸுக்கு ஸ்கின் டெப்த் (மாறிக்கிட்டே இருக்கற ஃபீல்டு உலோகத்துக்குள்ள எவ்வளவு ஆழம் போகும்ங்கற அளவு) சுமார் 12 மில்லிமீட்டர், பீம் ஓடற சேம்பரோட சுவர் 3 மில்லிமீட்டர்தான், அதனால ஒண்ணும் தடுக்காதுன்னு எழுதிட்டு வருவாங்க. தப்பு. குழாய்க்கு சுவர் தடிமனோட ஆரத்தையும் பெருக்கணும். 20 மில்லிமீட்டர் ஆரம் இருந்தா 100 ஹெர்ட்ஸ் பக்கத்துலயே கட்-ஆஃப் (அதுக்கு மேல போனா ஃபீல்டு உள்ள வர்றது தேஞ்சுகிட்டே போற எல்லை) வந்துடும். அதே அளவுல மெல்லிசு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்னா கட்-ஆஃப் சில கிலோஹெர்ட்ஸுக்குப் போயிடும், 50 ஹெர்ட்ஸ் தாராளமா உள்ள வரும்.

"ஒரு மைக்ரான்தானே"

செங்குத்துல பீம் சைஸே 5 மைக்ரான், அதுல 10 சதவீதத்துக்கு மேல ஆடக்கூடாதுன்னா அரை மைக்ரான்தான் அனுமதி.

எலக்ட்ரான் ரிங் பாடத்தை புரோட்டான் மெஷின்ல ஒப்பிக்கிறது

எலக்ட்ரான்ல சின்க்ரோட்ரான் ரேடியேஷன் (வளையறப்ப துகள் வெளிய விடற ஒளி) சில மில்லிசெகண்ட்ல ஆட்டத்தைத் தணிச்சிடும். செர்னோட எல்எச்சி மெஷின்ல சுத்தற புரோட்டானுக்கு அந்தத் தணிப்பு வேலை செய்ய ஒரு நாளுக்கு மேல ஆகும், அதனால அங்க விழற ஒவ்வொரு உதையும் எமிட்டன்ஸ்ல (பீம் எவ்வளவு பரவியிருக்குங்கற அளவு) சேர்ந்துகிட்டே போகும். அங்க பீம் செகண்டுக்கு சுமார் 11,245 சுத்து சுத்துது, டியூனோட (ஒரு சுத்துக்கு பீம் எத்தனை தடவை பக்கவாட்டுல அலையுதுங்கற எண்ணிக்கை) பின்னப் பகுதி 0.31, பெருக்கினா 3.5 கிலோஹெர்ட்ஸ் கிட்ட வருது, பீம் லேசா உதைச்சாலே ஆடற அதிர்வெண் அது. 50 ஹெர்ட்ஸோட எழுபதாவது ஹார்மானிக்கும் அங்கதான் இருக்கு. 300 ஹெர்ட்ஸ் வரைக்கும் ப்ளாட் போட்டு நிறுத்திட்டா அது உங்க கண்ணுலயே படாது.