பீடித்தட்டு மடியில் இருக்கும்போது மூச்சு விடுவது எப்படி

முக்கூடல், ஆலங்குளம், மேலப்பாளையம் பக்கம் பீடி சுற்றும் மதினிமாரைக் கேட்டால், மூச்சு நெஞ்சோடவே நிக்குது, கழுத்தும் தோளும் கடுக்குது என்பார்கள். புகையிலைத் தூளும் ஒரு காரணம், மூக்கில் துணி கட்டாமல் உட்காராதீர்கள். ஆனால் உட்காரும் விதத்தையும் கவனிக்கணும்.

நுரையீரலால் தானாக விரிய முடியாது. அதை விரிய வைப்பது தசைகள், அதிலும் பெரும்பங்கு உதரவிதானம்: நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவே கவிழ்த்த கிண்ணம் மாதிரி கிடக்கும் தசை. மூச்சை இழுக்கையில் அது சுருங்கித் தட்டையாகி 1 அல்லது 2 செ.மீ. இறங்கும், ஆழமாக இழுத்தால் 10 செ.மீ. வரைகூடப் போகும், அது குடலையும் ஈரலையும் கீழே அழுத்துவதால்தான் வயிறு முன்னே வருகிறது. விலா இடுக்குத் தசைகள் நெஞ்சுக்கூட்டைத் தூக்கி அகலமாக்கும். வெளியே விடுவதற்கு, சும்மா இருக்கையில், தனி முயற்சியே வேண்டாம்.

மடியில் தட்டு, முதுகு வளைந்து, வயிறு மடிந்து கிடந்தால் உதரவிதானம் எங்கே இறங்கும்? அப்புறம் கழுத்துத் தசைகள்தான் இழுக்கும்.

முதலில் அந்தத் தசையைக் கண்டுபிடியுங்கள். நெஞ்செலும்பு முடிகிற குழிக்குச் சற்றுக் கீழே இரண்டு விரல் வைத்து, மூக்கைச் சட்டென்று உறிஞ்சினால் விரலை உள்ளிருந்து ஏதோ வெளியே தள்ளும், உதரவிதானம் இறங்கியதன் அடையாளம் அது.

சரி, பாயில் மல்லாந்து, முழங்காலை மடக்கி, ஒரு கை நெஞ்சில், ஒரு கை தொப்புளுக்கு மேலே. மூக்கால் மெதுவாக இழுங்கள். கீழ்க்கை எழணும், மேல்கை கூடியவரை அசையக் கூடாது. வயிற்றை வேண்டுமென்றே உப்ப வைக்காதீர்கள், நிறையப் பேர் அதைத்தான் செய்கிறார்கள், அது வெறும் வயிற்றுத் தசை வேலை. உதட்டைக் குவித்து, இழுத்ததைவிட இரண்டு மடங்கு நேரம் விடுங்கள். காலையும் ராத்திரியும் 5 நிமிடம் போதும். தலை சுற்றினால் நிறுத்திவிடுங்கள்.

வேலையில் சுவரோடு சாய்ந்து, தட்டுக்கு அடியில் ஒரு தலையணை வைத்து உயர்த்துங்கள், குனிவது குறையும். இலை வெட்டிக் கத்தரியைக் கீழே வைக்கும்போதெல்லாம் நிமிர்ந்து ஐந்தாறு மூச்சு.

படுத்தால் மூச்சு முட்டுகிறது, கால் வீங்குகிறது, சளியில் ரத்தம் என்றால் இந்தப் பயிற்சியை நம்பி இருக்காதீர்கள், உடனே பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் அரசு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். இரண்டு வாரத்துக்கு மேல் இருமினாலும் காசநோயா என்று சளியைப் பரிசோதிக்கணும், அரசு ஆஸ்பத்திரியில் அது இலவசம்.