ஏப்ரல் 14-க்கு 'வரலாற்றில் இன்று' பலகை தயாரிப்பது எப்படி?

மும்பை செம்பூரில் எங்கள் சொசைட்டித் தமிழர்கள் சித்திரை முதல் நாளன்று கீழே ஹாலில் ஒரு பலகை வைப்போம். அதே தேதியில் வெவ்வேறு வருடங்களில் நடந்தவை ஐந்தாறு, பக்கத்தில் படங்கள், அவ்வளவுதான். அதைத் தயாரிக்கும் வேலை என்னுடையது. முலுண்டிலும் டோம்பிவலியிலும் உள்ள நண்பர்கள் முறையைக் கேட்டதால் எழுதி வைக்கிறேன். எடுத்துக்காட்டுக்கு ஏப்ரல் 14. வேறு எந்தத் தேதிக்கும் இதே வழிதான்.

படி 1: வாரி எடுங்கள்

தமிழ் விக்கிப்பீடியாவில் 'ஏப்ரல் 14' என்று தேடினால் அந்த நாளுக்கென்றே ஒரு பக்கம் வரும். ஆங்கிலப் பக்கத்தையும் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். இருபது நிகழ்வுகளை எடுத்தால் ஆறு தேறும். இந்தக் கட்டத்தில் எதையும் சரிபார்க்க வேண்டாம்.

வாட்ஸ்அப்பில் வரும் 'இன்றைய தின சிறப்புகள்' பட்டியலை மட்டும் தொடாதீர்கள். அதில் எந்த வரி எங்கிருந்து வந்தது என்று கண்டுபிடிப்பதற்குள் புதிதாக ஒரு பட்டியலே போட்டுவிடலாம்.

படி 2: அட்டவணை

நேராகக் கேன்வா என்ற வடிவமைப்புச் செயலியில் போய் உட்கார்ந்து அழகுபடுத்த ஆரம்பிப்பவர்கள் உண்டு. எனக்கு அது பிடிக்காது. முதலில் அட்டவணை போடுங்கள். எக்செல் என்றால் ஒரு விஷயம் தெரிந்திருக்க வேண்டும்: 1900-க்கு முந்தைய தேதியை அது தேதியாகவே ஏற்காது, வெறும் எழுத்தாக வைத்துக்கொள்ளும். லிங்கன் 1865, அம்பேத்கர் 1891 எல்லாம் வரிசை மாறி நிற்கும். அதனால் ஆண்டு, மாதம், நாள் மூன்றுக்கும் தனித்தனிக் கட்டம். அப்புறம் ஊர், நிகழ்வு, பார்த்த இடம். கடைசியாக 'எந்த நாட்காட்டி' என்று ஒரு கட்டம். அது எதற்கு என்பது படி 4-ல்.

படி 3: அன்றுதானா, மறுநாளா?

ஏப்ரல் 14 பட்டியலில் டைட்டானிக் கட்டாயம் இருக்கும். கப்பல் பனிப்பாறையில் மோதியது 1912 ஏப்ரல் 14 இரவு 11.40-க்கு. மூழ்கியது 15-ஆம் தேதி அதிகாலை 2.20-க்கு. 'டைட்டானிக் மூழ்கிய நாள்' என்று பலகையில் எழுதினால் தப்பு, 'பனிப்பாறையில் மோதிய நாள்' என்றால் சரி. லிங்கனும் இப்படித்தான். வாஷிங்டன் ஃபோர்டு நாடக அரங்கில் சுடப்பட்டது 1865 ஏப்ரல் 14 இரவு, உயிர் பிரிந்தது மறுநாள் காலை. வினைச்சொல்லை மாற்றினாலே பாதிச் சிக்கல் தீர்ந்துவிடும்.

அடுத்தது நேர வித்தியாசம். அப்பல்லோ 13 விண்கலத்தில் ஆக்சிஜன் தொட்டி வெடித்தபோது கட்டுப்பாட்டு அறை இருந்த ஹூஸ்டனில் 1970 ஏப்ரல் 13 இரவு. நமக்கு 14-ஆம் தேதி காலை 8.38. இரண்டு தேதிகளின் பட்டியலிலும் இதைப் பார்க்கலாம். என் வழக்கம், சம்பவம் நடந்த ஊரின் தேதியைப் போடுவது. விண்வெளிக்கு ஊர் கிடையாது என்பதால் கட்டுப்பாட்டு அறையின் தேதியை எடுத்துக்கொண்டு, 14-லிருந்து இதை அடித்துவிட்டேன். நம் கடிகாரப்படி 14-தானே என்று நீங்கள் வாதாடினால் தடுக்க மாட்டேன். ஆனால் எந்த வழக்கமானாலும் பலகை முழுக்க ஒன்றையே பின்பற்றுங்கள்.

ரமண மகரிஷி மறைவில் இந்தத் தொல்லையே இல்லை. திருவண்ணாமலை, 1950 ஏப்ரல் 14, இரவு 8.47. இப்படிப்பட்டவற்றை முதலில் உறுதி செய்துகொண்டால் மனசுக்கும் தெம்பு.

(மும்பைக்காரர்களுக்கு மட்டும்: இந்திய நேரம் 1906-லேயே வந்துவிட்டாலும் இந்த ஊரில் 'பம்பாய் நேரம்' என்று ஒன்று 1955 வரை தனியாக ஓடியது, 39 நிமிடம் பின்னால். பழைய செய்தியில் நள்ளிரவை ஒட்டிய மணி கண்ணில் பட்டால் எந்த நேரம் என்று ஒரு தடவை பாருங்கள்.)

படி 4: எந்த நாட்காட்டி?

என்னை அதிக நேரம் உட்கார வைத்த படி இதுதான். நிதானமாகப் படியுங்கள்.

நாம் இன்று பயன்படுத்துவது கிரெகோரியன் நாட்காட்டி. 1582-ல் இத்தாலி, ஸ்பெயின் போன்ற கத்தோலிக்க நாடுகள் அதற்கு மாறின. இங்கிலாந்து 1752 வரை மாறவில்லை. அந்த வருடம் செப்டம்பர் 2-க்கு மறுநாளே அங்கே செப்டம்பர் 14. ரஷ்யா 1918-ல்தான் மாறியது. அதற்கு முன்னால் பழைய ஜூலியன் கணக்கு. இரண்டுக்கும் இடைவெளி 1700 வரை 10 நாள், 18-ஆம் நூற்றாண்டில் 11, 19-இல் 12, 20-இல் 13. ரஷ்யாவின் 'அக்டோபர் புரட்சி' நவம்பர் 7-இல் கொண்டாடப்பட்டது இதனால்தான்.

இது வெளிநாட்டுச் சங்கதி என்று தாண்டிவிடாதீர்கள். 1746-ல் பிரெஞ்சுக்காரர்கள் சென்னையில் புனித ஜார்ஜ் கோட்டையைப் பிடித்தார்கள். ஆங்கிலேயர் கணக்கில் அது செப்டம்பர் 10. பிரெஞ்சுக் கணக்கில் செப்டம்பர் 21. நாள் ஒன்றுதான். சென்னைக்கும் புதுச்சேரிக்கும் நடுவே 11 நாள் வித்தியாசம் இருந்த காலம் அது! புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர்களின் துபாஷியாக (மொழிபெயர்ப்பாளராக) இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை தன் நாட்குறிப்பில் தமிழ் வருடம், மாதத்தோடு ஐரோப்பியத் தேதியையும் சேர்த்தே எழுதினார். இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்க முடிவதால் எனக்கு அவர் மேல் தனி மரியாதை.

ஆக, விதி இது: 1752-க்கு முந்தைய ஆங்கிலேயர் நிகழ்வு, 1918-க்கு முந்தைய ரஷ்ய நிகழ்வு என்றால் கடைசிக் கட்டத்தில் 'பழையது' அல்லது 'புதியது' என்று குறியுங்கள். எது என்று தெரியாவிட்டால் பலகைக்கு வேண்டாம். அந்தக் கால ஆங்கில ஆவணங்களில் புத்தாண்டு மார்ச் 25-இல் பிறந்தது என்பதையும் நினைவில் வையுங்கள். ஜனவரி முதல் மார்ச் வரையிலான தேதிகளில் வருடமே ஒன்று குறைவாக இருக்கலாம்.

இப்போது நம் பட்டியலில் உள்ள பெரிய பொறி. சீக்கிய குரு கோவிந்த் சிங் 1699-ல் வைசாகி என்ற பஞ்சாபித் திருநாளன்று கால்சா என்ற சீக்கிய அமைப்பைத் தொடங்கினார். வைசாகி இந்தக் காலத்தில் ஏப்ரல் 13 அல்லது 14-இல் வருவதால் பலர் '1699 ஏப்ரல் 13' என்றோ '14' என்றோ எழுதிவிடுகிறார்கள். ஆனால் அந்த வருட வைசாகி பழைய நாட்காட்டியில் மார்ச் மாதக் கடைசியில் வந்தது. பத்து நாள் கூட்டினாலும் ஏப்ரல் 14-ஐத் தொடாது. காரணம், வைசாகியும் நம் சித்திரை ஒன்றும் சூரியன் மேஷத்தில் நுழைவதை வைத்து வருபவை. அந்தக் கணக்கு ஆங்கிலத் தேதியோடு ஒப்பிட்டால் அறுபது எழுபது வருடத்துக்கு ஒரு நாள் வீதம் தள்ளிப் போகிறது. முந்நூறு வருடத்தில் நாலைந்து நாள். ஆகவே 'வைசாகி அன்று' என்று எழுதுங்கள், தேதி போடாதீர்கள். இதே கணக்கால் பழைய கல்வெட்டு, ஓலை எதிலாவது 'சித்திரை 1' என்று இருந்தாலும் அதை ஏப்ரல் 14 என்று மாற்றக் கூடாது.

படி 5: எண்களில் அடக்கம்

மும்பையில் வைக்கும் ஏப்ரல் 14 பலகையில் இது இல்லாமல் முடியாது. 1944-ல் விக்டோரியா டாக்கில் 'ஃபோர்ட் ஸ்டிகைன்' என்ற கப்பல் வெடித்தது. பஞ்சு மூட்டை, வெடிபொருள், தங்கக் கட்டிகள் மூன்றும் ஒரே கப்பலில். மாலை நாலு மணி தாண்டி முதல் வெடிப்பு, அரை மணிக்குள் இரண்டாவது. தீயை அணைக்கப் போனவர்கள் பலர் திரும்பவில்லை. அதனால்தான் இன்றும் நாடு முழுவதும் ஏப்ரல் 14 தீயணைப்புச் சேவை நாள்.

இறந்தவர் எண்ணிக்கை 800 முதல் 1,300 வரை ஆளுக்கொன்றாகச் சொல்வார்கள். இப்படி மாறும் எண்ணைப் பலகையில் ஏற்ற மாட்டேன். கப்பல் பெயரும் இடமும் போதும்.

படி 6: தேர்வும் எழுத்தும்

முதலிடம் அம்பேத்கருக்கு. 1891, மௌ, மத்தியப் பிரதேசம். இதில் விவாதமே இல்லை. அடுத்து துறைமுக வெடிப்பு, ரமணர், டைட்டானிக், லிங்கன். குழந்தைகளுக்காக 2003-ல் மனித மரபணு வரிசைத் திட்டம் நிறைவடைந்ததாக அறிவிக்கப்பட்டதைச் சேர்த்தேன். ஆறு போதும். ஒரு நிகழ்வுக்கு இரண்டு வரி, எழுத்து பெரிதாக. நின்று படிப்பவர்கள் கையில் பஜ்ஜித் தட்டோடு இருப்பார்கள்.

படி 7: அச்சு

யூனிகோட் தமிழை வேர்டு கோப்பாக ஃப்ளெக்ஸ் கடைக்கு அனுப்பாதீர்கள். கடையில் பழைய மென்பொருள் இருந்தால் கொம்பும் காலும் எழுத்தை விட்டுப் பிரிந்து நிற்கும், தமிழ் தெரியாத கடைக்காரர் அதைக் கவனிக்கவும் மாட்டார். பிடிஎஃப் அல்லது படமாக மாற்றியே அனுப்புங்கள். என்னைக் கேட்டால் ஃப்ளெக்ஸே வேண்டாம். ஏ3 தாளில் பிரிண்ட் எடுத்து சார்ட்டில் ஒட்டினால் அடுத்த வருடம் ஒரு வரியை மட்டும் மாற்றலாம்.

பின்சேர்க்கை: சித்திரை ஒன்று ஏப்ரல் 14-இல் வராவிட்டால் என்ன செய்வது என்று ஒருவர் கேட்டிருந்தார். அப்படியும் நடக்கும், 2012-ல் 13-ஆம் தேதி வந்தது. பலகை விழா நாளின் ஆங்கிலத் தேதிக்குத்தான் என்பதால் அப்போது 13-க்குத் தனி அட்டவணை வேண்டும். அதில் முதல் வரி ஜாலியன்வாலா பாக், 1919. அப்பல்லோ 13-ஐயும் அங்கே சேர்த்துக்கொள்ளலாம்.

பின்சேர்க்கை 2: பஞ்சாங்கம் பார்த்துத்தான் விழா தேதி முடிவாகும் என்பதால், இப்போதெல்லாம் 13, 14 இரண்டுக்கும் மார்ச் மாதமே அட்டவணை போட்டு வைத்துவிடுகிறேன். அச்சுக்குப் போவது ஒன்றுதான்.