நிறவெறிக் காலக் காவல் மரணம்: பழைய தீர்ப்பைக் குடும்பத்தார் மீண்டும் திறக்க வைப்பது எப்படி?

தென்னாப்பிரிக்காவில் 1963ஆம் ஆண்டு தொடங்கி நிறவெறி ஆட்சி முடியும் வரை, பாதுகாப்புச் சட்டங்களின் கீழ்ப் பிடித்து வைக்கப்பட்டவர்களில் 70க்கும் மேற்பட்டோர் காவலிலேயே இறந்தனர். படியில் தவறி விழுந்தார், குளியலறையில் வழுக்கி விழுந்தார், சன்னல் வழியாகக் குதித்தார், தூக்குப் போட்டுக்கொண்டார் என்று காவல்துறை சொன்ன காரணங்களை, வெள்ளையர் ஆட்சியின் மாஜிஸ்திரேட்டுகள் பெரும்பாலும் அப்படியே ஏற்று, எவர்மீதும் குற்றமில்லை என்று எழுதிக் கோப்பை மூடினர். அத்தகைய கோப்பு ஒன்றைப் பல பத்தாண்டுகளுக்குப் பின் திறக்க வைக்க ஒரு குடும்பம் என்ன செய்ய வேண்டும் என்பதை, இதுவரை திறக்கப்பட்ட வழக்குகளின் அனுபவத்தைக் கொண்டு இங்கே விளக்குகிறேன்.

முதலில், நீங்கள் கேட்பது எது என்பதைக் குடும்பத்துக்குள் பேசி முடிவு செய்யுங்கள். மரண விசாரணை என்பது குற்ற வழக்கு அல்ல. 1959ஆம் ஆண்டின் மரண விசாரணைச் சட்டப்படி, இறந்தவர் யார், எப்போது இறந்தார், எதனால் இறந்தார், அந்த மரணம் எவருடைய குற்றச் செயலாலாவது நேர்ந்ததா என்ற கேள்விகளுக்கு மட்டுமே நீதிபதி விடை சொல்வார். எவரையும் சிறைக்கு அனுப்ப மாட்டார். தண்டனைதான் வேண்டும் என்று ஒரு மகனும், அண்ணன் தற்கொலை செய்துகொண்டவர் என்ற பழியைத் துடைத்தால் போதும் என்று ஒரு தங்கையும், ஆறிய புண்ணைக் கீற வேண்டாம் என்று ஒரு தாயும் சொல்லும் வீடுகள் உண்டு. மூவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் இந்த வேறுபாடு நீதிமன்ற வாசலில் வெடிப்பதைவிட, வீட்டில் பேசித் தீர்க்கப்படுவதே நல்லது.

அடுத்தது மன்னிப்பு பற்றிய விவரம். 1995ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்த உண்மை மற்றும் நல்லிணக்க ஆணைக்குழுவிடம், அரசியல் காரணத்துக்காகத் தாம் செய்த குற்றத்தை முழுமையாக ஒப்புக்கொண்டவர்கள் பொதுமன்னிப்புப் பெற முடிந்தது. விண்ணப்பித்த ஏழாயிரத்துச் சொச்சம் பேரில் சிறு பகுதியினருக்கு மட்டுமே அது கிடைத்தது. 1977இல் காவலில் இறந்த நிறவெறி எதிர்ப்புத் தலைவர் ஸ்டீவ் பிக்கோவின் மரணத்தில் தொடர்புடைய காவலர்கள் விண்ணப்பித்தும் மறுக்கப்பட்டனர். மறுக்கப்பட்டவர்மீதும், விண்ணப்பிக்கவே வராதவர்மீதும் வழக்குத் தொடரலாம். பெரும்பாலான குற்றங்களுக்கு 20 ஆண்டுக் காலவரம்பு இருந்தாலும், கொலைக்கு அது கிடையாது. ஆகவே, உங்கள் வழக்கில் பெயர் அடிபடும் ஒவ்வொரு காவலரும் மன்னிப்புக் கேட்டாரா, பெற்றாரா என்பதை ஆணைக்குழுவின் பதிவுகளில் தேடி, ஒரு தாளில் எழுதி வையுங்கள். பின்னாளில் வழக்கறிஞர் கேட்கும் முதல் கேள்விகளில் இதுவும் ஒன்றாக இருக்கும்.

இனி, இந்த வேலையின் பெரும்பகுதியான ஆவணத்துக்கு வருவோம். அரசு தேடித் தரும் என்று காத்திருக்கக் கூடாது. குடும்பம்தான் கோப்பைக் கட்ட வேண்டும். ஆட்சி மாறுவதற்கு முன், 1990களின் தொடக்கத்தில், உளவுத்துறையும் பாதுகாப்புக் காவல்துறையும் தம் பதிவுகளைப் பெருமளவில் அழித்துவிட்டன. எஞ்சியவை சிதறிக் கிடக்கின்றன. பழைய மரண விசாரணையின் சாட்சியப் பதிவும் பிரேதப் பரிசோதனை அறிக்கையும் முதலில் வேண்டும். நீதிமன்ற அலுவலகத்தில் அவை இல்லையென்றால் தேசிய ஆவணக் காப்பகத்திலும், ஜோகன்னஸ்பர்க்கின் விட்வாட்டர்ஸ்ராண்ட் பல்கலைக்கழக வரலாற்று ஆவணப் பிரிவிலும், அன்றைக்கு வாதாடிய வழக்கறிஞர்களின் பழைய அலுவலகங்களிலும் தேடலாம். அரசுத் துறைகளிடம் உள்ளவற்றை 2000ஆம் ஆண்டின் தகவல் பெறும் சட்டத்தின் கீழ் எழுத்து மூலம் கேட்க வேண்டும். 30 நாட்களில் பதில் தர வேண்டும் என்பது விதி. ‘இல்லை’ என்ற பதிலையும் எழுத்தில் வாங்குங்கள். காவல்துறையின் வசம் இருந்த ஆவணம் காணாமற்போனது என்பதும் நீதிபதி கவனிக்கக்கூடிய செய்திதான்.

கையில் கிடைத்ததை எப்படி வாசிப்பது என்பதற்கு அகமது திமோல் வழக்கைவிட நல்ல பாடம் இல்லை. ரூடிபோர்ட் பகுதியைச் சேர்ந்த ஆசிரியரான அவர் 1971 அக்டோபர் 22 அன்று ஒரு சாலைச் சோதனையில் பிடிபட்டு, ஐந்தாம் நாள் ஜோகன்னஸ்பர்க்கின் ஜான் வோர்ஸ்டர் சதுக்கக் காவல் நிலையத்தில் இறந்தார். பத்தாம் மாடியின் 1026ஆம் எண் அறையிலிருந்து பிற்பகலில் குதித்தார் என்று காவல்துறை சொன்னதை 1972ஆம் ஆண்டுத் தீர்ப்பு ஏற்றுக்கொண்டது. அவருடைய சகோதரி மகன் இம்தியாஸ் காஜி பல ஆண்டுகள் அலைந்து திரட்டியவற்றின் பலனாக, 2017இல் நீதிபதி பில்லி மோத்லே முன் விசாரணை மீண்டும் நடந்தது. பழைய பிரேதப் பரிசோதனை அறிக்கையைத் தடயவியல் மருத்துவர்கள் புதிய கண்ணோடு வாசித்து, சில காயங்கள் விழுவதற்கு முன்பே ஏற்பட்டவை என்றனர். உடல் கிடந்த இடத்தையும் கட்டடத்தின் உயரத்தையும் கொண்டு, அது விழுந்த பாதையை ஒரு பொறியாளர் கணக்கிட்டார். அவர் விழுந்தது காலையில் என்று காட்டும் சாட்சியம் வந்தது. திமோலுடன் பிடிபட்ட சலீம் எசோப், தாம் பட்ட சித்திரவதையை நேரில் வந்து சொன்னார். திமோல் குதிக்கவில்லை, கொல்லப்பட்டார் என்று 2017 அக்டோபர் 12 அன்று தீர்ப்பு வந்தது.

இதிலிருந்து கற்க வேண்டியது, காவலர் பொய் சொன்னார் என்று வாதிடுவதில் மட்டும் ஆற்றலைச் செலவிடாமல், அவர் சொன்ன நேரம், இடம், காயம் ஆகியவற்றை ஒவ்வொன்றாக எடுத்து அளந்து பார்ப்பது. மூன்று நெடுவரிசைகள் கொண்ட ஒரு தாள் தயாரியுங்கள்: அதிகாரபூர்வக் கூற்று, அதற்கு ஆதாரமாக அன்று காட்டப்பட்டது, அதற்கு முரணாக இன்று கிடைப்பது. மூன்றாம் நெடுவரிசையில் வெற்றிடம் உள்ள வரிகள்தாம் நீங்கள் நிபுணரைத் தேட வேண்டிய இடங்கள். வெறும் சந்தேகத்தை அந்த நெடுவரிசையில் எழுதாதீர்கள்.

சாட்சிகள் விஷயத்தில் காலம் உங்கள் பக்கம் இல்லை. அதே காலத்தில் காவலில் இருந்த தோழர்கள், அன்றைய செவிலியர்கள், உடலைக் கழுவி அடக்கத்துக்கு ஆயத்தம் செய்தவர்கள் ஆகியோரிடம், வழக்கு ஏற்கப்படும் வரை காத்திராமல், இப்போதே கையொப்பமிட்ட உறுதிமொழி வாக்குமூலம் பெற்று வையுங்கள். உடலைக் கழுவியவர்கள் மருத்துவர் எழுதாமல் விட்ட காயங்களைப் பார்த்திருக்கக்கூடும். இவர்களை மறந்துவிடுவது பெரும் இழப்பு என்பது என் கருத்து.

கோப்பு தயாரானதும், தேசிய வழக்குத்தொடர் ஆணையத்திடம் வழக்கறிஞர் வழியாக முறையீடு செய்ய வேண்டும். மரண விசாரணைச் சட்டத்தின் 17ஏ பிரிவின்படி, நீதித்துறை அமைச்சர் கேட்டுக்கொண்டால், அந்த மாகாண உயர்நீதிமன்றத்தின் தலைமை நீதிபதி இதற்கென ஒரு நீதிபதியை நியமிப்பார். இந்த வழியில்தான் நீல் ஆகெட்டின் 1982ஆம் ஆண்டு மரணம் தற்கொலை அல்ல என்று 2022இலும், இமாம் அப்துல்லா ஹாரூன் 1969இல் படியில் விழுந்து இறக்கவில்லை என்று 2023இலும் நிலைநாட்டப்பட்டது. இமாமின் மனைவி கலீமா அதைக் கேட்க உயிரோடு இல்லை, 2019இல் காலமானார். ஆணையம் பதில் சொல்லாமல் இழுத்தடித்தால், முடிவெடுக்கும்படி ஆணையிடக் கோரி உயர்நீதிமன்றம் செல்லலாம். 1983இல் கடத்தப்பட்டு, உடல்கூடக் கிடைக்காத நோகுத்துலா சிமெலானேயின் குடும்பம் 2015இல் அப்படிச் சென்ற பிறகே, அடுத்த ஆண்டு முன்னாள் காவலர்கள் நால்வர்மீது குற்றச்சாட்டு பதிவானது.

விசாரணை நாட்களுக்குக் குடும்பத்தை ஆயத்தப்படுத்துவது சட்ட வேலையைவிடக் கடினம். பிரேதப் பரிசோதனைப் படங்கள் திரையில் காட்டப்படும். இறந்த இடத்துக்கே நீதிபதி சென்று பார்வையிடக்கூடும். எந்த நாளில் எது வரும் என்பதை வழக்கறிஞரிடம் முன்கூட்டியே கேட்டு, முதியவர்கள் எந்த நாளில் வர வேண்டாம் என்பதை அவர்களையே முடிவு செய்யச் சொல்லுங்கள். அவர்களைக் காப்பதாக நினைத்து மறைப்பது, முதல் விசாரணையில் அரசு செய்ததன் மறுபதிப்பாகிவிடும். பத்திரிகையாளரிடம் பேச ஒருவரை மட்டும் நியமியுங்கள். முன்னாள் காவலர் கூண்டில் ஏறி உண்மையைச் சொல்வார் என்று எதிர்பார்த்து அமராதீர்கள். திமோல் குதித்ததைப் பார்த்ததாக 1972இல் சாட்சி சொன்ன ஜோவாவ் ரோட்ரிகஸ், 2017இலும் அதே கதையைத்தான் சொன்னார். அவர் அழுவாரா, மன்னிப்புக் கேட்பாரா என்பதில் உங்கள் ஆறுதலை அடகு வைத்தால், அதை மீட்பது அவர் கையில் போய்விடும்.

சாதகமான தீர்ப்பு வந்த பின்னும் கோப்பை மூடாதீர்கள். ரோட்ரிகஸ்மீது 2018இல் கொலைக் குற்றம் சாட்டப்பட்டது. வழக்கையே நிரந்தரமாக நிறுத்தக் கோரி அவர் மேல்முறையீடு வரை சென்று தோற்றார். ஆனால் வழக்கு விசாரணை தொடங்கும் முன் 2021 செப்டம்பரில் இறந்துவிட்டார். ஆகவே தீர்ப்பு நகல் கிடைத்த வாரமே, யார்மீது, எந்த நாளுக்குள் குற்றப்பத்திரிகை தாக்கல் ஆகும் என்று வழக்குத்தொடர் ஆணையத்திடம் எழுத்தில் கேளுங்கள். உண்மை மற்றும் நல்லிணக்க ஆணைக்குழு பரிந்துரைத்த வழக்குகள் அரசியல் தலையீட்டால் முடக்கப்பட்டன என்று 25 குடும்பங்களும் தப்பிப் பிழைத்தவர்களும் 2025 ஜனவரியில் நீதிமன்றம் சென்றதைத் தொடர்ந்து, அதை ஆராய முன்னாள் நீதிபதி சிசி கம்பெபே தலைமையில் விசாரணை ஆணையம் அமைக்கப்பட்டது. உங்கள் கடிதங்களுக்கு ஆண்டுக்கணக்கில் பதில் வராமல் இருந்திருந்தால், அந்தக் கடிதங்களின் நகல்களையும் அஞ்சல் ரசீதுகளையும் தேதி வரிசைப்படி அடுக்கி, வழக்கறிஞரிடம் ஒரு தொகுதியும் பல்கலைக்கழக ஆவணக் காப்பகம் ஒன்றில் மற்றொரு தொகுதியும் இருக்கும்படி ஒப்படைத்துவிடுங்கள்.