கணுக்கால் ஆபரேஷன் ஆனவர்களே, பனிமேல் பழி போடாதீர்கள்

தேயிலைச் சரிவில் வழுக்கிக் கணுக்கால் முறிவது நீலகிரியில் புதிதல்ல. பிளேட், ஸ்க்ரூ வைத்துச் சரிசெய்து அனுப்பிவிடுகிறார்கள். சிக்கல் பெரும்பாலும் வீட்டுக்கு வந்த பிறகு தெரியும்.

"பனிக்காலம், அதான் காயம் ஆறலை" என்று கசிவை விட்டுவிடாதீர்கள். பனிக்கும் சீழுக்கும் சம்பந்தமில்லை. கணுக்காலில் எலும்பை மூடச் சதை குறைவு; தோலுக்குக் கீழேயே பிளேட். தையல் பிரிந்து நீர் கசிந்தால், கிருமி எலும்புக்குப் போக வழி கிடைத்துவிட்டது. காய்ச்சலுக்காகக் காத்திருக்க வேண்டாம், பலருக்கு வருவதேயில்லை. குறைந்திருந்த வலி மறுபடி ஏறுவது, சிவப்பு, சூடு, நாற்றம்: ஒன்று இருந்தாலே டாக்டர் பார்க்க வேண்டும்.

என்னைக் கேட்டால், இருப்பதிலேயே மோசமானது மெடிக்கல் ஷாப்பில் தானாக ஆன்டிபயாடிக் வாங்கி விழுங்குவதுதான். கசிவு நிற்கும், ஆள் தெம்பாவார், சில வாரத்தில் அதே இடத்தில் சீழ். ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸ் போன்ற கிருமிகள் உலோகத்தின்மேல் பாசி மாதிரி படலம் கட்டி ஒட்டிக்கொள்ளும். மாத்திரையால் மட்டும் அதை அழிப்பது கடினம். போதாக்குறைக்கு, பிறகு கல்ச்சருக்கு (கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனைக்கு) அனுப்பினால் கிருமி வளராமல் போகலாம். எந்த மருந்துக்குக் கேட்கும் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? வழியும் சீழைப் பஞ்சில் தொட்டெடுப்பதும் ஏமாற்றும். ஆழத்திலிருந்து திசு எடுக்க வேண்டும்.

எக்ஸ்ரே நன்றாக இருக்கிறதே என்பார்கள். தொற்றால் எலும்பில் வரும் மாற்றம் அதில் தெரிய 10 முதல் 14 நாள் வரை ஆகும். உடம்பில் அழற்சி இருப்பதைக் காட்டும் சி.ஆர்.பி., இ.எஸ்.ஆர். ரத்தப் பரிசோதனைகளையும் சேர்த்துப் பார்ப்பார்கள்.

சர்க்கரையும் பீடியும் காயத்தை ஆறவிடாது. சர்க்கரையால் கால் மரத்தவர்கள் ஹீட்டர் பக்கம் காலை நீட்டினால் சுட்டாலும் தெரியாது.

"அந்தக் கம்பியை உடனே கழற்றுங்க" என்று டாக்டரை நெருக்குவதும் தப்பு. எலும்பு கூடவில்லை, பிளேட் உறுதியாக இருக்கிறது என்றால், சுத்தம் செய்து அதை வைத்திருப்பதுண்டு. ஆடும் எலும்பில் தொற்று இன்னும் அடங்காது. மருந்து 6 முதல் 12 வாரம் வரை போகலாம். வலி போனதும் நிறுத்தாதீர்கள்.

மேட்டுப்பாளையம் இறங்கிக் கோவை போக அலுத்து ரிவியூவைத் தள்ளிப்போடுகிறவர்கள், காயம் கசிந்தால் அன்றோ மறுநாளோ ஆபரேஷன் செய்தவரிடம் காட்டிவிடுங்கள். டிஸ்சார்ஜ் சம்மரி கையில் இருக்கட்டும். வண்டியில் காலைத் தொங்கவிடாமல் நீட்டி உயர்த்தி வையுங்கள். குளிர்நடுக்கத்தோடு காய்ச்சல் என்றால் கோவை வரை காத்திருக்காமல், பக்கத்து அரசு ஆஸ்பத்திரிக்கு அப்போதே போங்கள்.