பழைய ஏ.ரி. பெட்டிக்குள் புதிய கணினி: தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஏ.ரி. என்ற பழைய அளவுமுறையில் அமைந்த தொண்ணூறுகளின் கணினிப் பெட்டிகள் மட்டக்களப்பின் பழைய இரும்புக் கடைகளில் இன்றும் இடைக்கிடை கண்ணில் படுகின்றன. தடித்த தகடும் முகப்பில் வேகத்தைக் காட்டும் இரண்டு இலக்கங்களும் கொண்ட அவற்றுக்குள் புதிய கணினியைப் பொருத்த விரும்புவோர், பெட்டியை மட்டுமன்றித் தம் உயிரையும் பணயம் வைக்கும் தவறு ஒன்று உண்டு. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

1995 இல் இன்ரெல், பெட்டி, மதர்போட், மின்வழங்கி ஆகியவற்றுக்கான ஏ.ரி.எக்ஸ் என்ற புதிய அளவுமுறையை அறிமுகப்படுத்துவதற்கு முந்திய பெட்டிகள் பலவற்றில், முகப்பு ஆளிக்கு வருவது 230 வோல்ற் வீட்டு மின்சாரமே. மின்வழங்கியிலிருந்து தடித்த வடம் ஒன்று புறப்பட்டு, ஆளியருகே நான்கு கம்பிகளாகப் பிரியும். சில வோல்ற்றுக்காக மட்டுமே அமைந்த புதிய மதர்போட்டின் ஆளி முனைகளில் அந்த வடத்தை ஒருபோதும் இணைக்கக் கூடாது. பழைய மின்வழங்கியை வடத்தோடு சேர்த்து முழுமையாக அகற்றிவிட வேண்டும். அதன்பின் ஆளியை மட்டும் வைத்துக்கொள்ளலாமே என்று தோன்றும். ஆனால் அழுத்தினால் அழுந்தியபடியே நிற்கும் ஆளி அது என்பதால், கணினி உயிர்பெற்று நான்கு விநாடியளவில், யாரோ விரலை எடுக்காமல் அழுத்திக்கொண்டிருப்பதாகக் கருதித் தானாகவே அணைந்துவிடும். விட்டவுடன் மீளும் ரீசெற் பொத்தானின் கம்பிகளை மதர்போட்டின் ஆளி முனைகளில் செருகினால் எதையும் வெட்டாமலே வேலை முடிந்துவிடும்.

அளக்காமல் வெட்டுவது அடுத்த தவறு. பேபி ஏ.ரி. எனப்படும் பழைய சிறிய மதர்போட்டின் பின்விளிம்பு ஏறத்தாழ 216 மி.மீ, முழு ஏ.ரி.எக்ஸ் போட்டுக்கோ அது 305 மி.மீ. ஆகவே 170 மி.மீ சதுரமான மினி ஐ.ரி.எக்ஸ் போட்டே பெரும்பாலும் பாதுகாப்பான தெரிவு. பின்தகட்டில் விசைப்பலகைக்கான வட்டத் துளை மட்டுமே இருப்பதால், புதிய போட்டின் பின்புற இணைப்புகளுக்காக 159க்கு 45 மி.மீ அளவில் ஒரு வாயிலைத் திறந்தாக வேண்டும். போட்டை வைத்துப் பாராமல், தாளில் வரைந்த கோட்டை நம்பி நான் வெட்டிய முதற்பெட்டியில் அந்த வாயில் ஒரு சென்ரிமீற்றர் தாழ்ந்துவிட்டது. வெட்டிய தகடு திரும்பி வராது என்பதால், பித்தளைத் தாங்கு கால்களைப் பொருத்தி, அவற்றின் மேல் போட்டை இருத்திய பின்னரே கோடு கீற வேண்டும். போட்டில் துளையில்லாத இடத்தில் ஒரு கால் மிஞ்சி நின்றாலும் போட்டின் அடிப்புறத்தில் குறுஞ்சுற்று ஏற்படலாம். வெட்டும்போது போட்டை வெளியே எடுத்து வைத்து, இரும்புத் தூளைத் தூரிகையால் முழுவதும் துடைத்தெடுப்பது அவசியம்.

கடலுக்கும் வாவிக்கும் இடையிலுள்ள கல்லடி போன்ற இடங்களில் வெட்டு விளிம்பைத் திறந்தபடி விட்டால் உப்புக்காற்றில் விரைவில் துரு ஏறிவிடும். அன்றைக்கே அடிப்பூச்சு பூச வேண்டும். எனினும் மின்வழங்கி திருகப்படும் இடத்திற்குப் பூச்சுப் பூசக் கூடாது, ஏனெனில் புவித்தொடுப்பு அந்த வெற்றுத் தகட்டின் வழியாகவே பெட்டிக்குச் செல்கிறது. மின்செருகியைக் கழற்றிவிட்டு, அதன் புவி முனைக்கும் பெட்டிக்கும் இடையிலான தடையைப் பல்மானியால் அளந்து பாருங்கள். ஒரு ஓமுக்கும் குறைவாகவே இருக்க வேண்டும்.

வெப்பத்தையும் குறைவாக மதிப்பிடாதீர்கள். அக்காலப் பெட்டிகளில் காற்றை இழுத்தது பெரும்பாலும் மின்வழங்கியின் 80 மி.மீ விசிறி ஒன்றே. நமது கச்சான் காலத்து அறைச்சூட்டில் அது போதாது என்பதால், 65 வாற்றுக்கு மேற்படாத செயலியைத் தெரிவுசெய்து, முகப்பில் இறுவட்டு இயக்கி போன்றவற்றுக்கான 5.25 அங்குல அறைகள் மூன்றின் பின்னால் 120 மி.மீ விசிறியைப் பொருத்தி, நடு மூடியை மட்டும் கழற்றி அங்கே கம்பி வலை இடலாம்.