“வீட்ல மாற்றுத்திறனாளி உண்டா?” என்று கேட்காமல் கணக்கெடுப்பது எப்படி?

முக்கூடல் பக்கம் ஒரு ஊரில் முதன்முதலாக சர்வே எடுக்கப் போனபோது, இந்த விஷயத்துக்கு என் தாளில் ஒரே ஒரு கேள்விதான் இருந்தது: “உங்க வீட்ல மாற்றுத்திறனாளி யாராச்சும் உண்டா?” ஒரு வீட்டில் “அப்படி யாரும் இல்ல சார்” என்றார்கள். டிக் போட்டுவிட்டு எழுந்தபோதுதான் திண்ணையைக் கவனித்தேன். ஒரு ஆச்சி பீடி இலையைப் பார்க்காமலே, விரலால் தடவித் தடவிச் சுற்றிக்கொண்டிருந்தார். இரண்டு கண்ணிலும் புரை. கேட்டதற்கு, “கண்ணு மங்கிட்டு. வயசாச்சுல்லா?” என்றார். வீட்டாருக்கும் அது ஊனமாகத் தெரியவில்லை. வயசு, அவ்வளவுதான்.

அந்தக் கேள்வியில் விட்டுப்போவது வயசானவர்கள் மட்டுமில்லை. கல்யாணத்துக்குப் பெண் இருக்கும் வீட்டில் தம்பிக்கு வலிப்பு வருவதைச் சொல்ல மாட்டார்கள். இன்னும் சிலர், அரசு அட்டை வாங்கியிருந்தால்தான் மாற்றுத்திறனாளி என்று நினைக்கிறார்கள். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இந்தியாவில் 2.21 சதவீதம் பேருக்குத்தான் ஊனம் என்று பதிவானது, தமிழ்நாட்டில் 1.64. அதே ஆண்டு உலக சுகாதார நிறுவனமும் உலக வங்கியும் வெளியிட்ட அறிக்கை, உலக அளவில் சுமார் 15 சதவீதம் என்றது. நாம் மட்டும் அவ்வளவு ஆரோக்கியமா என்ன? கேட்கிற விதம்தான் பெரிய காரணம்.

சரி, எப்படிக் கேட்பது?

முதல் படி: கேள்வியை மாற்றுங்கள்

ஐ.நா. புள்ளியியல் ஆணையத்தின் கீழ் 2001இல் அமைந்த வாஷிங்டன் குழு, ஆறு கேள்விகள் கொண்ட ஒரு சிறு தொகுப்பைத் தயாரித்தது. ஆளுக்கு ஒன்றிரண்டு நிமிஷம் போதும். கண்ணாடி போட்டிருந்தாலும் பார்ப்பதில் சிரமம் உண்டா? காதுக் கருவி வைத்திருந்தாலும் கேட்பதில்? நடப்பதில், படி ஏறுவதில்? நினைவில் வைப்பதில், கவனம் செலுத்துவதில்? குளிப்பது, உடுத்துவது போன்ற சொந்த வேலைகளில்? வழக்கமாகப் பேசும் மொழியில் நாம் சொல்வதைப் புரியவைப்பதில், பிறர் சொல்வதைப் புரிந்துகொள்வதில்?

ஒவ்வொன்றுக்கும் நான்கு பதில்கள்: சிரமம் இல்லை, கொஞ்சம் சிரமம், ரொம்பச் சிரமம், முடியவே முடியாது.

‘ஊனம்’, ‘மாற்றுத்திறன்’ என்ற சொல்லே இதில் வரவில்லை, பார்த்தீர்களா? அதுதான் சூட்சுமம். முன்னுரையிலும் அந்தச் சொல் வரக் கூடாது. வயது, படிப்பு, தொழில் கேட்கிற இடத்திலேயே இதையும் சேர்த்துவிடுங்கள்.

இரண்டாம் படி: எல்லாரிடமும் கேளுங்கள், எழுதியபடியே

ஆளைப் பார்த்து நாமே முடிவுகட்டுவது பெரிய தப்பு. திடகாத்திரமாக இருப்பவருக்குக் காது கேட்காமல் இருக்கலாம். முடிந்தவரை அவரவரிடமே கேளுங்கள். மருமகள் சொல்லும் பதிலும் மாமியார் சொல்லும் பதிலும் ஒன்றாக இருப்பதில்லை.

இங்கே என் அதிகப்பிரசங்கித்தனம் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். ‘படி ஏறுவதில் சிரமமா’ என்பது ஊருக்குப் பொருந்தாது என்று நினைத்து, “ஆத்துக்குப் போயி படித்துறையில எறங்கி ஏறுவியளா?” என்று கேட்க ஆரம்பித்தேன். பலர் “இல்ல” என்றார்கள். கால்வலி என்று குறித்துக்கொண்டேன். நாலு தெரு தாண்டிய பிறகு ஒரு பெரியம்மாதான் சிரித்துக்கொண்டே சொன்னார்: “வீட்டுக்கே கொழாய்த் தண்ணி வருது, ஆத்துக்கு எதுக்குப் போவணும்?” தாமிரபரணிக்குப் போவதில்லை என்பதும் போக முடியவில்லை என்பதும் வேறு வேறு. அத்தனை தாளும் வீண். புரியவில்லை என்றால் அதே கேள்வியை மெதுவாகத் திரும்ப வாசியுங்கள், போதும்.

மூன்றாம் படி: கோடு போடுங்கள்

ஆறில் ஒன்றிலாவது ‘ரொம்பச் சிரமம்’ அல்லது ‘முடியவே முடியாது’ என்றவரைத் தனி நெடுவரிசையில் 1 என்று குறியுங்கள், மற்றவர்கள் 0. ‘கொஞ்சம் சிரமம்’ கணக்கில் வராது. சேர்த்தால் நாற்பதைத் தாண்டிய பாதி ஊர் உள்ளே வந்துவிடும்.

இது மருத்துவச் சான்றிதழ் இல்லை. உதவித்தொகைக்கு ஊனம் 40 சதவீதம் இருக்கிறதா என்று பார்க்கிற அளவுகோல் தனி. 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் உள்ள 21 வகை ஊனங்களையும் இந்த ஆறு கேள்விகள் பிரித்துக் காட்டாது. மனச்சோர்வு, பதற்றம் போன்றவை பெரும்பாலும் நழுவிவிடும். ஐந்து வயதுக்குக் கீழே இதைப் பயன்படுத்தாதீர்கள். 2 முதல் 17 வயது வரை யுனிசெஃபோடு சேர்ந்து உருவாக்கிய தனித் தொகுப்பு இருக்கிறது.

நான்காம் படி: சரியான வகுத்தல்

முக்கால்வாசி அறிக்கைகள் கோட்டைவிடுவது இங்கேதான். பத்தமடையில் மகளிர் குழுக்களுக்குக் கோரைப்பாய் நெசவுப் பயிற்சி நடத்துகிறோம் என்று வைத்துக்கொள்வோம் (எண்கள் கணக்குக்காக நான் போட்டவை). குழுக்களில் மொத்தம் 240 பேர். பயிற்சிக்கு வந்தவர்கள் 100; அவர்களில் 1 என்று குறிக்கப்பட்டவர்கள் 4 பேர்.

“பயனாளிகளில் 4 சதவீதம் மாற்றுத்திறனாளிகள்!” என்று எழுதலாம். கணக்கெடுப்பின் 2.21க்குப் பக்கத்தில் வைத்தால் சாதனை மாதிரியே இருக்கும். இப்போது 240 பேரையும் எடுங்கள். 1 என்று குறித்தவர்கள் 31. அந்த 31இல் வந்தது 4, அதாவது 13 சதவீதம். மற்ற 209 பேரில் வந்தது 96, அதாவது 46 சதவீதம். அதே பயிற்சிதான், அதே 4 பேர்தான். வந்தவர்களை மட்டும் எண்ணினால் வராத 27 பேர் கண்ணிலேயே படமாட்டார்கள். எனவே பயிற்சிக்கு முன்பே, எல்லா உறுப்பினரிடமும் கேட்டுவையுங்கள்.

எக்செல்லில் பிவட் டேபிள் (தரவைப் பிரித்துத் தொகுத்துக் காட்டும் அட்டவணை) போட்டால் ஐந்து நிமிஷ வேலை. ஆணா பெண்ணா, வயது என்றும் பிரித்துப் பாருங்கள். ஒரு கட்டத்தில் மூன்று நான்கு பேர்தான் இருந்தால் சதவீதம் போடாமல் ஆள் எண்ணிக்கையையே எழுதுங்கள். அப்புறம், பெயர்ப்பட்டியலைக் குழுக் கூட்டத்தில் வாசித்துவிடாதீர்கள்; சொல்லாமல் மறைத்த வீடுகள் நம்மை நம்பித்தான் பதில் சொன்னார்கள்.

ஐந்தாம் படி: அந்த 27 பேர் வீட்டுக்குப் போங்கள்

“ஏன் வரல?” என்று கேட்டால் “சும்மாதான்” என்பார்கள். குறிப்பாகக் கேளுங்கள். செய்தி எப்படி வந்தது? மைக் கட்டிச் சொன்னோம் என்றால் காது கேளாதவருக்கு எப்படித் தெரியும்? பயிற்சி மாடியிலா? அங்கே கழிப்பறை உண்டா? கூட வருகிறவரின் அன்றைய பீடிக் கூலி என்னாகும்? பாளையங்கோட்டையில் 19ஆம் நூற்றாண்டிலிருந்தே காது கேளாதோர் பள்ளி நடக்கிறது. சைகை மொழி தெரிந்தவர் நம் பக்கம் கிடைக்க மாட்டார் என்ற சாக்கு எடுபடாது.

பதில்களை வைத்து இடத்தை, நேரத்தை, பட்ஜெட்டை மாற்றி, அடுத்த பயிற்சி முடிந்ததும் அதே 31 பேரில் எத்தனை பேர் வந்தார்கள் என்று எண்ணுங்கள். புதிதாகச் சேர்ந்த உறுப்பினர்களிடமும் அதே ஆறு கேள்விகள்தான். இடையில் கேள்வியை அழகுபடுத்தத் தோன்றினால் என் படித்துறைக் கதையை ஒருமுறை நினைத்துக்கொள்ளுங்கள்.